புவித்தட்டுகள் நகர்ந்ததால்தான் உயிரினங்கள் இப்படிப் பரவினவா?

வினாக்குறி:

கண்டங்கள் ஒரு காலத்தில் ஒட்டிக்கிடந்தன, அப்புறம் பிரிந்தன என்று பள்ளியில் படித்ததோடு சரி. தென் அமெரிக்காவின் கிழக்குக் கரையும் ஆப்பிரிக்காவின் மேற்குக் கரையும் பொருந்தும் என்பதைத் தவிர வேறெதுவும் நினைவில் இல்லை. அண்மையில் ஒரு காணொளியில், பூமியில் உயிர் நிலைத்திருப்பதற்கே புவித்தட்டுகள்தான் காரணம் என்று அடித்துச் சொன்னார்கள். பாறை நகர்வதற்கும் குரங்கு, தவளைக்கும் என்ன சம்பந்தம்? மிகைப்படுத்துகிறார்களோ என்று தோன்றுகிறது.

இன்னொன்று. கீழே உருகிய எரிமலைக்குழம்பு, அதன்மேல் கண்டங்கள் மிதக்கின்றன. இது சரிதானே?

கடைசிபெஞ்ச்:

பாறைமணி வரிந்துகட்டிக்கொண்டு வருவார் பாருங்கள். குழம்பின்மேல் மிதக்கிறது என்று யாராவது எழுதிவிட்டால் அவருக்குத் தூக்கம் வராது.

பாறைமணி:

வந்துவிட்டேன்.

கண்டங்களுக்கு அடியில் குழம்புக்கடல் எதுவும் இல்லை. மேலோட்டுக்குக் கீழே சுமார் 2,900 கி.மீ. ஆழம் வரை இருக்கும் கவசம் திடப் பாறை. நிலநடுக்கத்தின்போது கிளம்பும் எஸ் அலைகள் திரவத்துக்குள் போகாது. கவசத்துக்குள் தாராளமாகப் போகின்றன. எரிமலையில் வெளிவரும் குழம்பு, கவசமோ மேலோடோ சில இடங்களில் மட்டும், அதுவும் சிறு பங்கு மட்டும் உருகுவதால் வருவது. உருகிய கடல் என்று சொல்லத்தக்கது அதற்கும் கீழே இருக்கிறது, இரும்பாலான வெளிக்கருவம்.

அடுத்து, நகர்வது கண்டம் மட்டுமல்ல. மேலோடும், கவசத்தின் குளிர்ந்து இறுகிய மேற்பகுதியும் சேர்ந்த 100 கி.மீ. அளவு தடிமனான பலகைதான் தட்டு. பல தட்டுகளில் கண்டமும் இருக்கும், கடல்தளமும் இருக்கும்.

எது நகர்த்துகிறது? கீழே வெப்பச்சலனம் சுழல்கிறது, தட்டுகளைச் சுமந்துகொண்டு போகிறது என்று படம் போட்டிருப்பார்கள். அது பாதி உண்மை. 1975-இல் ஃபோர்சைத், உயேடா இருவரும் ஒவ்வொரு தட்டின் வேகத்தையும் அதன் விளிம்புகளோடு வைத்துப் பார்த்தார்கள். தட்டு பெரிதா சிறிதா என்பது வேகத்தைத் தீர்மானிக்கவில்லை. தன் விளிம்பில் அதிக நீளத்துக்கு இன்னொரு தட்டின் அடியில் செருகிக்கொண்டு போகும் தட்டுதான் வேகமாக ஓடுகிறது. பசிபிக் தட்டு அப்படிப்பட்டது. கடல்தளம் வயதாக ஆகக் குளிர்ந்து கனக்கிறது. கீழே இறங்கியதும் அதிலுள்ள பசால்ட் என்ற எரிமலைப் பாறை, அழுத்தத்தால் எக்லோகைட் என்ற பாறையாக மாறிச் சுற்றியிருக்கும் கவசத்தைவிடவே கனமாகிவிடுகிறது. மேசையிலிருந்து ஒரு பக்கம் சரிந்த விரிப்பு மீதியையும் இழுத்துக்கொண்டு விழுவதைப் போல, மூழ்கும் முனை பின்னாலிருக்கும் ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் தட்டை இழுக்கிறது.

கண்டப் பாறை இலேசானது, மூழ்காது. அதனால்தான் கடல்தளத்தில் 20 கோடி ஆண்டுக்கு மேற்பட்ட பகுதி கிடைப்பதே அரிது, கனடாவின் அகாஸ்டா நைஸ் பாறைக்கோ வயது 400 கோடி. கடல்தளம் திரும்பத் திரும்பப் புதிதாகிறது. நிலம் மட்டும் சேர்ந்துகொண்டே போகிறது. உயிரினங்களின் கதைக்கு இந்த வேறுபாடு மிக முக்கியம்.

வினாக்குறி:

நன்றி. ஆனால் திடப் பாறை எப்படி ஓடும்? அங்கேயே இடிக்கிறதே.

பாறைமணி:

பனியாறும் திடப் பனிக்கட்டிதான், மலையிலிருந்து இறங்கி வருகிறதே. உருகுநிலைக்குக் கொஞ்சம் கீழே இருக்கும் படிகங்களில் அணுக்கள் மெல்ல இடம் மாறும். அழுத்தம் தொடர்ந்து இருந்தால் பாறை உடையாமலேயே வடிவம் மாறும். ஆண்டுக்குச் சில சென்டிமீட்டர், அவ்வளவுதான். கோடிக்கணக்கான ஆண்டுகள் கையில் இருக்கும்போது அதுவே போதும்.

அலைவரிசை:

வரலாற்றில் ஒரு இடத்தைத் திருத்த வேண்டும் என்று ரொம்ப நாளாக ஆசை. வெகனரை எல்லோரும் கேலி செய்தார்கள், கடைசியில் அவர்தான் ஜெயித்தார் என்று சினிமாக் கதைபோலச் சொல்கிறார்கள். எதிர்த்தவர்களிடமும் நியாயம் இருந்தது.

ஆல்ஃபிரட் வெகனர் வானிலை ஆய்வாளர். 1912 ஜனவரியில் பிராங்ஃபர்ட்டில் கண்டங்கள் நகர்கின்றன என்ற தன் கருத்தை முதலில் பேசினார், 1915-இல் புத்தகமாகக் கொண்டுவந்தார். சான்றுகளை அடுக்கியதில் குறையில்லை. எந்த விசை நகர்த்துகிறது என்று கேட்டபோது பூமியின் சுழற்சியையும் நிலா, சூரியனின் ஈர்ப்பையும் காட்டினார். கண்டத்தை நகர்த்தும் அளவுக்கு அந்த ஈர்ப்பு இருந்தால் பூமியின் சுழற்சியே நின்றுபோயிருக்கும் என்று ஹெரால்ட் ஜெஃப்ரீஸ் கணக்குப் போட்டுக் காட்டினார். கணக்கு சரிதான். கிரீன்லாந்து ஆண்டுக்குப் பல மீட்டர் விலகுகிறது என்று வேறு வெகனர் நம்பினார். உண்மையில் அது சென்டிமீட்டர் கணக்கு. அவர் 1930-இல் அதே கிரீன்லாந்துப் பனியில் இறந்தார். விடை கிடைக்க இன்னும் முப்பது ஆண்டுகளுக்கு மேல் ஆனது, அதுவும் நிலத்தில் கிடைக்கவில்லை, கடலடியில் கிடைத்தது.

மேரி தார்ப்பைப் பற்றிச் சொல்லாமல் இதை முடிக்கக் கூடாது. பெண் என்பதால் ஆய்வுக் கப்பலில் ஏற அவருக்கு அனுமதி இல்லை. ஆண்கள் கப்பலில் போய் ஒலி அனுப்பிக் கடலின் ஆழத்தை அளந்துகொண்டு வருவார்கள். இவர் மேசையில் உட்கார்ந்து அந்த எண்களை வரைபடமாக்குவார். 1952, 53 வாக்கில் அட்லாண்டிக் நடுவே ஓடும் மலைத்தொடரை வரைந்தபோது, அதன் உச்சி நெடுக ஒரு பள்ளத்தாக்கு வந்துகொண்டே இருந்தது. நிலம் இரண்டாகப் பிளந்து விலகும் இடத்தில்தான் அப்படி இருக்கும். கூட வேலை பார்த்த புரூஸ் ஹீசன் அதைப் பெண்பிள்ளைப் பேச்சு என்று தள்ளிவிட்டார். பிறகு பக்கத்து மேசையில் வேறொருவர் நிலநடுக்க மையங்களை அதே அளவில் புள்ளி வைத்துக்கொண்டிருந்தார். இரண்டையும் ஒன்றன்மேல் ஒன்று வைத்துப் பார்த்தால் புள்ளிகள் எல்லாம் அந்தப் பள்ளத்தாக்குக்குள் வரிசையாக விழுந்தன. அப்புறம் 1962-இல் ஹாரி ஹெஸ், கடல்தளம் அந்த மலைத்தொடரில் புதிதாகப் பிறந்து இருபக்கமும் விலகுகிறது என்றார். 1963-இல் கடலடிப் பாறையில் பதிந்த காந்தப் பட்டைகளை வைத்து வைனும் மேத்யூஸும் அதற்குச் சான்று காட்டினார்கள். 1968-க்குள் கதை முடிந்துவிட்டது.

நத்தைக்கூடு:

பாறை ஆட்கள் பேசி முடித்தால் நான் தவளைக்கு வருகிறேன். :)

வினாக்குறி, உங்கள் கேள்விக்கு மிகப் பழைய சான்று ஒரு இலை. குளோசாப்டெரிஸ் என்ற மரத்தின் இலை நாக்கு வடிவில் இருக்கும், நடுவில் தடித்த நரம்பு, இருபுறமும் வலை பின்னியது போன்ற சிறு நரம்புகள். பெர்மியன் காலத்துப் பாறைகளில், அதாவது 25 கோடி ஆண்டுகளுக்கு முந்தையவற்றில், இந்த இலை இந்தியாவில் கிடைக்கிறது, ஆப்பிரிக்காவில், தென் அமெரிக்காவில், ஆஸ்திரேலியாவில் கிடைக்கிறது. 1912 பிப்ரவரியில் தென்துருவத்திலிருந்து திரும்பிக்கொண்டிருந்த ஸ்காட்டின் குழு பியர்ட்மோர் பனியாற்றின் அருகே நின்று கற்களைப் பொறுக்கியது. சாப்பாடு தீர்ந்துகொண்டிருந்தது, குளிரில் கால் விரல்கள் செத்துக்கொண்டிருந்தன. இருந்தும் சுமார் 16 கிலோ கற்களைச் சறுக்குவண்டியில் கட்டி இழுத்தார்கள், கடைசிவரை தூக்கி எறியவில்லை. நவம்பரில் தேடுதல் குழு அவர்களுடைய உடல்களைக் கண்டுபிடித்தபோது கற்களும் கூடவே இருந்தன. அவற்றில் குளோசாப்டெரிஸ் இருந்தது. இன்று புல்பூண்டுகூட முளைக்காத இடத்தில் காடு இருந்திருக்கிறது.

அந்த விதை கடல் தாண்டிப் பறந்து போகும் அளவு பொடியானது அல்ல. லிஸ்ட்ரோசாரஸ் என்று பன்றி அளவில் ஒரு விலங்கு இருந்தது. தென்னாப்பிரிக்காவிலும் இந்தியாவிலும் ஏற்கெனவே கிடைத்திருந்தது. 1969-இல் அண்டார்டிகாவிலும் கிடைத்தது. அது கடலில் நீந்திப் போயிருக்கும் என்று யாரும் சொல்லத் துணியவில்லை.

இப்போது வாழும் உயிர் வேண்டுமா? மேற்குத் தொடர்ச்சி மலையில் ஊதா நிறத்தில் ஒரு தவளை இருக்கிறது. உப்பிய உடம்பு, குட்டைக் கால், கூர்மூக்கு. ஆண்டு முழுக்க மண்ணுக்குள் கிடக்கும், மழைக்காலத் தொடக்கத்தில் இணை சேர மட்டும் கொஞ்ச நாள் மேலே வரும். 2003-இல்தான் அறிவியல் அதற்குப் பெயர் வைத்தது. மரபணுவை வைத்துப் பார்த்தால் அதற்கு மிக நெருங்கிய உறவு இந்தியப் பெருங்கடலில் இருக்கும் செஷல்ஸ் தீவுகளின் சிறு தவளைகள். தவளைக்கு உப்புத் தண்ணீர் ஆகாது. ஆனால் செஷல்ஸும் இந்தியாவும் சுமார் 6.4 கோடி ஆண்டுகளுக்கு முன்புவரை ஒரே நிலம்.

பாறைமணி:

ஒரு துணுக்கு சேர்க்கிறேன். கடல் நடுவில் இருக்கும் தீவுகள் பெரும்பாலும் எரிமலைக் கற்கள். செஷல்ஸின் முக்கியத் தீவுகள் கிரானைட், வயது சுமார் 75 கோடி ஆண்டு. உடைந்து கடல் நடுவே விடப்பட்ட கண்டத் துண்டு அது.

அலைவரிசை:

நத்தைக்கூடு சொன்னது எல்லாம் சரி, ஆனால் பொருந்தும் சான்றுகளாகப் பொறுக்கி எடுத்து வைத்திருக்கிறார். பொருந்தாதவை? தென் அமெரிக்காவில் குரங்குகள் இருக்கின்றன. அவற்றின் உறவினர் ஆப்பிரிக்காவில். ரொம்ப அழகு, ஒட்டியிருந்தபோது நடந்து போயிருக்கும் என்று சொல்லிவிடலாம். ஆனால் இரண்டு கண்டங்களும் பிரிந்து 10 கோடி ஆண்டுகள் ஆகின்றன. அப்போது குரங்கினமே கிடையாது. தென் அமெரிக்காவின் மிகப் பழைய குரங்குப் பற்களுக்கு வயது 3 கோடி ஆண்டுகளைச் சற்றுத் தாண்டும், அவ்வளவுதான்.

குரங்குக்குத் தூரத்து உறவான மடகாஸ்கரின் லெமூர்களும் இதே கதை. ஆப்பிரிக்காவிலிருந்து தீவு விலகி 16 கோடி ஆண்டுகள். லெமூர்களின் மூதாதை அங்கே போனது 5, 6 கோடி ஆண்டுகளுக்கு முன்.

தும்பி:

லெமூர்களுக்காகத்தானே லெமூரியா என்று ஒரு கண்டத்தையே மூழ்கடித்தார்கள்?

பாறைமணி:

ஆமாம். 1864-இல் விலங்கியலாளர் ஃபிலிப் ஸ்கிளேட்டர். மடகாஸ்கரையும் இந்தியாவையும் இணைத்து ஒரு நிலம் இருந்து மூழ்கிவிட்டது என்றார். அந்தக் காலத்தில் அது கிறுக்குத்தனம் கிடையாது. கண்டம் பக்கவாட்டில் நகராது என்று நம்பினால், மேலும் கீழும் நகர வைப்பதைத் தவிர வேறு வழியில்லை. இப்போது இந்தியப் பெருங்கடலின் அடித்தளம் முழுக்க அளந்தாகிவிட்டது. அப்படி ஒரு பெரிய நிலம் அங்கே இல்லை. மொரீசியஸ் தீவின் எரிமலைப் பாறையில் அந்தத் தீவைவிடப் பல மடங்கு பழைய ஜிர்கான் என்ற கனிமப் படிகங்கள் கிடைத்திருக்கின்றன, அடியில் ஒரு சிறு கண்டச் சிதறல் மாட்டிக்கொண்டிருக்கிறது என்பதற்குச் சான்று. சிதறல்தான், கண்டம் இல்லை. மூழ்கிய கண்டம்தான் வேண்டுமென்றால் நியூசிலாந்தைச் சுற்றியிருக்கும் சீலாந்தியா இருக்கிறது. சுமார் 49 லட்சம் ச.கி.மீ., அதில் 94 சதவீதம் தண்ணீருக்குள்.

நத்தைக்கூடு:

அலைவரிசை, குரங்கு விஷயத்தில் உங்களோடு சண்டை போட மாட்டேன். இந்தத் துறையில் ஒரு காலத்தில் எல்லாம் கடலில் மிதந்து போனது என்றார்கள். தட்டு நகர்வு நிலைபெற்றதும் அப்படியே மறுபக்கம் சாய்ந்து, எல்லாம் கண்டம் உடைந்ததால் பிரிந்தது என்றார்கள். நெருப்புக்கோழி, ஈமு, ரியா, கிவி ஆகிய பறக்காத பறவைகள், தெற்குக் கண்டங்கள் ஒட்டியிருந்த கோண்டுவானா உடைந்ததால் ஆளுக்கொரு கண்டத்தில் மாட்டிக்கொண்டன என்பது பாடநூல் எடுத்துக்காட்டு. 2014-இல் மடகாஸ்கரின் அழிந்துபோன யானைப்பறவையின் எலும்பிலிருந்து மரபணுவை எடுத்துப் பார்த்தார்கள். அதன் நெருங்கிய உறவு பக்கத்து ஆப்பிரிக்காவின் நெருப்புக்கோழி இல்லை, நியூசிலாந்தின் கிவி! தட்டுகள் பிரிந்த வரிசைக்கு இது ஒத்துவரவே வராது. முன்னோர்கள் பறந்தே போயிருக்க வேண்டும், போன இடங்களில் தனித்தனியாகப் பறக்கும் திறனை இழந்திருக்க வேண்டும்.

ஆகவே வரைபடத்தில் பொருந்துகிறதா என்பது முதல் கேள்விதான். உறவு பிரிந்த காலமும் நிலம் பிரிந்த காலமும் ஒத்துப்போகிறதா என்பதுதான் தீர்ப்பு சொல்லும் கேள்வி. ஊதாத் தவளை இதில் தேறும்: அந்த இரு கிளைகளும் பிரிந்தது சுமார் 10 கோடி ஆண்டுகளோ அதற்கும் முன்போ, அதாவது செஷல்ஸ் விலகுவதற்கு முன்பே. கிவி தேறாது. குரங்கு தேறாது.

லெமூரில் மட்டும் ஒரு வேடிக்கை இருக்கிறது. இன்று மொசாம்பிக் கால்வாயில் நீரோட்டம் ஆப்பிரிக்காவிலிருந்து மடகாஸ்கருக்குக் கொண்டுபோய்ச் சேர்க்காது, திசை சரியில்லை. வேரோடு பிடுங்கப்பட்ட மரக்கூட்டத்தில் ஒட்டிக்கொண்டு 400 கி.மீ.க்கு மேல் எப்படிக் கடந்தன என்று கேட்டு மிதவைக் கருத்தைக் கிண்டல் செய்தவர்கள் உண்டு. 2010-இல் அலி, ஹூபர் இருவரும் அந்தக் காலத்து நிலவரைபடத்தைக் கணினியில் வைத்து நீரோட்டத்தை ஓட்டிப் பார்த்தார்கள். அப்போது ஆப்பிரிக்காவும் மடகாஸ்கரும் இன்றிருக்கும் இடத்திலிருந்து 1,600 கி.மீ.க்கு மேல் தெற்கே இருந்தன. ஓட்டம் கிழக்கு நோக்கி, தீவை நோக்கி. பின்னர் நிலங்கள் வடக்கே ஏறியபோது ஓட்டம் மாறி, கதவு சாத்திக்கொண்டது. மிதந்துதான் போயின, ஆனால் மிதக்கும் திசையைத் தட்டுதான் கொடுத்தது.

அலைவரிசை:

இது நல்ல பதில். ஏற்கிறேன். கங்காரு வகையறா?

நத்தைக்கூடு:

அவை கால்நடையாகவே போயின. பைப்பாலூட்டிகளின் வழி தென் அமெரிக்கா, அண்டார்டிகா, ஆஸ்திரேலியா. அண்டார்டிகத் தீபகற்பத்தின் ஓரத்திலிருக்கும் சீமோர் தீவில் பைப்பாலூட்டிப் புதைபடிவம் 1982-இல் கிடைத்தது. அந்த மூன்றும் இணைந்திருந்தபோது அங்கே பனிப்போர்வை இல்லை, காடு. ஆஸ்திரேலியா கடைசியாகக் கழன்று வடக்கே கிளம்பியதும் உள்ளே இருந்தவை தனியாக வளர்ந்தன. அது வடக்கே வந்து ஆசியத் தீவுகளோடு முட்டிய இடத்தில்தான் ஆசிய, ஆஸ்திரேலிய உயிரினங்களைப் பிரிக்கும் வாலஸ் கோடு. பாலிக்கும் லொம்பொக்குக்கும் இடையே 35 கி.மீ. தண்ணீர்தான், ஆனால் பனியுகத்தில் கடல் இறங்கியபோதுகூட வற்றாத ஆழம். ஒரு கரையில் ஆசியப் பறவைகள், மறுகரையில் ஆஸ்திரேலியக் காக்கட்டூ.

வினாக்குறி:

பிரிந்தால் என்ன ஆகும் என்று புரிகிறது. சேர்ந்தால்?

நத்தைக்கூடு:

பனாமா. வட அமெரிக்காவும் தென் அமெரிக்காவும் ஒரு நிலப்பாலத்தால் சேர்ந்தன; பெரும்பாலோர் சொல்லும் காலம் சுமார் 30 லட்சம் ஆண்டுகளுக்கு முன். பூனை, நாய், கரடி, குதிரை, ஒட்டக இனம் தெற்கே இறங்கின. லாமா அப்படி வந்ததுதான். அர்மடில்லோ, ஒப்போசம், முள்ளம்பன்றி வகை ஒன்று வடக்கே ஏறின.

எல்லோரும் நிலத்தையே பேசுகிறார்கள். நிலம் சேர்ந்தால் கடல் பிரியும். எனக்கு அந்தப் பக்கம்தான் பிடிக்கும். பனாமாவின் இரு கரைகளிலும் சொடுக்கு இறால்கள் இருக்கின்றன, ஒரு கொடுக்கைச் சொடுக்கிச் சத்தம் எழுப்புபவை. பசிபிக் பக்கம் ஒன்று, கரீபியன் பக்கம் அதைப் போலவே இன்னொன்று, ஜோடி ஜோடியாக. நான்சி நோல்ட்டனும் அவர் குழுவும் இரு கரையின் ஆணையும் பெண்ணையும் ஒரே தொட்டியில் விட்டுப் பார்த்தார்கள். பெரும்பாலும் இணை சேரவில்லை, கொடுக்கைச் சொடுக்கிக்கொண்டு மோதலுக்கு நின்றன. 1993-இல் வெளியான ஆய்வு. இன்னும் சுவையான செய்தி, எல்லா ஜோடிகளும் ஒரே காலத்தில் பிரியவில்லை. ஆழத்தில் வாழ்பவை முன்பே பிரிந்துவிட்டன. அலையாத்திக் காட்டுச் சேற்றில் வாழ்பவை கடைசியாகப் பிரிந்தன. பாலம் அடியிலிருந்து மெல்ல எழுந்து வந்ததை இறால்களின் மரபணுவில் வாசிக்கலாம்.

தும்பி:

பாலம் ஒன்றரைக் கோடி ஆண்டுகளுக்கு முன்பே வந்துவிட்டது என்று 2015-இல் ஒரு கட்டுரை வந்ததே? பனாமாவின் எரிமலை வளைவில் உருவான ஜிர்கான்கள் கொலம்பிய ஆற்றுப் படிவில் கிடைத்ததாக.

நத்தைக்கூடு:

வந்தது. மறு ஆண்டே இன்னொரு குழு எல்லாச் சான்றையும் தொகுத்து 28 லட்சம் ஆண்டு என்று பதில் எழுதியது. ஏதோ ஒரு நிலத்துண்டு முன்பே முட்டியிருக்கலாம், ஆழமற்ற நீர்வழி அதற்குப் பிறகும் திறந்திருக்கலாம். தரையில் வாழ்ந்த ஸ்லாத் விலங்குகள் 90 லட்சம் ஆண்டுகளுக்கு முன்பே வடக்கே வந்துவிட்டன என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அவை தீவு தீவாகத் தாவி வந்திருக்க வேண்டும்.

பாறைமணி:

சரி, காணொளியில் சொன்ன பெரிய விஷயத்துக்கு வருவோம். உயிர் நிலைத்திருக்கவே தட்டுதான் காரணமா என்பது.

அதன் அடிப்படை கார்பன். மழைநீர் காற்றிலுள்ள கார்பன் டை ஆக்சைடைக் கரைத்துக்கொண்டு இலேசான அமிலமாகிப் பாறையை அரிக்கிறது. அதில் கரைந்த கால்சியமும் பைகார்பனேட்டும் கடலுக்குப் போய்ச் சிப்பி, பவளம், நுண்ணுயிர்களின் ஓடு என்று சுண்ணாம்புக்கல்லாகப் படிகின்றன. கடல்தளம் கீழே செருகிப் போகும்போது அதில் ஒரு பங்கு வெந்து, எரிமலை வழியாக வாயு திரும்ப வருகிறது. உலகம் சூடானால் மழையும் அரிப்பும் கூடும், வாயு குறையும். குளிர்ந்து உறைந்தால் அரிப்பு நிற்கும், எரிமலை மட்டும் விட்டுக்கொண்டே இருக்கும், வாயு சேரும். 1981-இல் வாக்கர், ஹேஸ், காஸ்டிங் மூவரும் இதை எழுதினார்கள். மலை எழும்பி புதுப் பாறையைக் காற்றுக்குக் காட்டுவதும், கார்பனை எரிமலை வழியே திருப்பித் தருவதும் தட்டுகள்தான். வெள்ளி கோளில் தட்டு நகர்வு இல்லை. காற்றில் 96 சதவீதம் கார்பன் டை ஆக்சைடு, தரையில் 460 டிகிரி செல்சியஸ்.

இதைப் படித்துவிட்டு, அப்படியானால் இன்றைய வெப்பமாதலையும் பூமியே சரிசெய்துகொள்ளும் என்று யாரும் கிளம்ப வேண்டாம். இந்தச் சுழற்சி சில லட்சம் ஆண்டுகள் எடுக்கும். எரிமலைகள் எல்லாம் சேர்ந்து ஆண்டுக்கு விடுவது மனிதர்கள் விடுவதில் நூற்றில் ஒரு பங்குகூடக் கிடையாது.

அலைவரிசை:

வெள்ளியைச் சான்றாக வைப்பதில் எனக்குத் தயக்கம். தண்ணீர் போனதால் தட்டு நின்றதா, தட்டு இல்லாததால் தண்ணீர் போனதா? தட்டு வளைந்து செருகத் தண்ணீர் பெரிதும் உதவுகிறது. காரணம் எது, விளைவு எது என்பது ஒரே ஒரு கோளை வைத்துச் சொல்ல முடியாது.

தவிர, தட்டு நகர்வு எப்போது தொடங்கியது என்பதிலேயே சண்டை. 300 கோடி ஆண்டுகளுக்கு முன்பே என்று ஒரு தரப்பு. புவியியலாளர் ராபர்ட் ஸ்டெர்ன் போன்றோர் இன்று நாம் காணும் வகை 100 கோடி ஆண்டுகளுக்கு உட்பட்டது என்கிறார்கள். குளிர்ந்த தட்டு ஆழமாகச் செருகினால் மட்டுமே உருவாகும் நீலப் பாறைகள் அதற்கு முன் அநேகமாகக் கிடைப்பதில்லை. உயிரோ 350 கோடி ஆண்டுகளுக்கு முன்பே வந்துவிட்டது. ஸ்டெர்ன் சரியென்றால், நுண்ணுயிர்கள் தட்டு நகர்வு இல்லாத உலகிலேயே பாதிக்கு மேற்பட்ட காலம் வாழ்ந்திருக்கின்றன. தட்டு இல்லாவிட்டால் உயிரே இல்லை என்பது அதிகம். விலங்கு அளவுக்குச் சிக்கலான உயிர் வந்திருக்காது என்றால் வாதிடலாம்.

பாறைமணி:

மறுக்கவில்லை. 440 கோடி ஆண்டு வயதுள்ள, ஆஸ்திரேலியாவின் ஜாக் ஹில்ஸ் ஜிர்கான்களை வைத்து அப்போதே தட்டு இருந்தது என்று வாதிடுவோரும் இருக்கிறார்கள். ஒரு மில்லிமீட்டரில் பாதிகூட இல்லாத படிகம், அதற்குள் ஒரு உலகத்தையே வாசிக்கிறார்கள். தண்ணீர் இருந்தது என்பது வரைக்கும் ஏற்பேன், அதற்கு மேல் போக மாட்டேன்.

அண்டார்டிகா எப்படிப் பனியானது என்பதிலும் இப்படித்தான். சுமார் 3.4 கோடி ஆண்டுகளுக்கு முன் ஆஸ்திரேலியாவும் தென் அமெரிக்காவும் விலகி, கண்டத்தைச் சுற்றி வளையமாக நீரோட்டம் ஓட வழி திறந்தது. வெப்பமான நீர் வருவது நின்றது, பனி மூடியது. இது 1970-களின் விளக்கம். 2003-இல் டிகாண்டோ, பொலார்ட் கணினி மாதிரியில், கார்பன் டை ஆக்சைடு இறங்கியதுதான் முதன்மைக் காரணம், நீர்வழி துணைதான் என்று காட்டினார்கள். நான் இரண்டாவது பக்கம். அப்புறம் அந்தக் கார்பன் டை ஆக்சைடு ஏன் இறங்கியது என்று கேட்டால், எழும்பிக்கொண்டிருந்த இமயமலையின் அரிப்பு ஒரு காரணம் என்று ஒரு கட்சி இருக்கிறது. சுற்றிச் சுற்றித் தட்டுக்கே வருகிறது!

தும்பி:

இமயமலை என்றதும் சொல்ல வேண்டியது: எவரெஸ்ட் உச்சியின் கல் சுண்ணாம்புக்கல். அதில் கடல் அல்லி என்ற கடல்விலங்கின் தண்டுத் துணுக்குகளும், அழிந்துபோன கணுக்காலியான ட்ரைலோபைட்டின் ஓட்டுத் துண்டுகளும் இருக்கின்றன. 45 கோடி ஆண்டு பழைய ஆழமற்ற கடலின் தரைமேல் ஏறி நின்றுதான் கொடி நடுகிறார்கள்.

கடைசிபெஞ்ச்:

பேரழிவுகளைப் பற்றி யாரும் பேசவில்லையே. டைனோசாருக்கு விண்கல், மற்றதற்கு?

பாறைமணி:

25.2 கோடி ஆண்டுகளுக்கு முந்தைய பெர்மியன் அழிவுக்கு சைபீரியாவின் எரிமலைப் பெருக்கு. 20.1 கோடியில் டிரையாசிக் கால முடிவில் நேர்ந்த அழிவுக்கு, எல்லாக் கண்டங்களும் ஒட்டியிருந்த பாஞ்சியா உடையத் தொடங்கியபோது அட்லாண்டிக் இருக்கப்போகும் இடத்தில் கொட்டிய பசால்ட். ஆனால் இவற்றைத் தட்டின் கணக்கில் நேரடியாக எழுதாதீர்கள். கவசத்தின் ஆழத்திலிருந்து எழும் வெப்பத் தூண் வேறு, தட்டு நகர்வு வேறு. தூண் கண்டத்தை உடைத்ததா, உடைந்த இடத்தில் தூண் வழி கண்டதா என்று தனி இழையே ஓட்டலாம்.

நத்தைக்கூடு:

நல்ல பக்கமும் உண்டு. 1977-இல் கலபகோஸ் அருகே தட்டுகள் விலகும் பிளவில், 2,500 மீட்டர் ஆழத்தில், ஆல்வின் நீர்மூழ்கி இறங்கியது. புவியியலாளர்கள் வெந்நீர் ஊற்றைத் தேடிப் போனார்கள். குழுவில் உயிரியலாளர் ஒருவர்கூட இல்லை. வெளிச்சமே எட்டாத இடத்தில் பெரிய சிப்பிகள், குழாய்ப்புழுக்கள். ஹைட்ரஜன் சல்பைடிலிருந்து ஆற்றல் எடுக்கும் பாக்டீரியாக்களை நம்பி ஒரு கூட்டமே வாழ்ந்துகொண்டிருந்தது. மாதிரிகளைப் பாதுகாக்கப் போதுமான மருந்து இல்லாமல் வோட்காவில் போட்டு எடுத்து வந்தார்கள்.

வினாக்குறி:

கடைசியாக ஒன்று. இனி என்ன ஆகும்? மறுபடியும் எல்லாம் ஒட்டிக்கொள்ளுமா?

பாறைமணி:

நகர்வு இப்போதும் நடக்கிறது. ஆஸ்திரேலியா ஆண்டுக்கு 7 செ.மீ. வடகிழக்கே போகிறது, 1994-இல் நிலைநிறுத்திய வரைபட ஆயங்களை 2020-ஐ அடிப்படையாக வைத்துத் திருத்தியபோது 1.8 மீட்டர் தள்ளிவைக்க வேண்டியிருந்தது. எத்தியோப்பியாவின் அஃபாரில் 2005-இல் ஒரு சில வாரங்களில் 60 கி.மீ. நீளத்துக்கு நிலம் பிளந்து சில இடங்களில் 8 மீட்டர் விலகியது.

20, 25 கோடி ஆண்டுகளில் இன்னொரு பெருங்கண்டம் வரும் என்பதில் பெரும்பாலும் ஒத்த கருத்து. அட்லாண்டிக் மூடுமா, பசிபிக் மூடுமா என்பதில் இரண்டு கட்சி. 2023-இல் வந்த ஒரு மாதிரி அட்லாண்டிக் மூடுவதாக வைத்துக்கொண்டு, அந்தக் கண்டத்தின் நிலத்தில் 8 முதல் 16 சதவீதம்தான் பாலூட்டிகள் வாழத் தகுந்ததாக இருக்கும் என்கிறது. கடலிலிருந்து தூரம், கூடிய சூரிய ஒளி, எரிமலை வாயு, மூன்றும் சேர்ந்து வாட்டும்.

நத்தைக்கூடு:

அந்தக் கணக்கில் பாலூட்டி தாங்கும் வெப்பத்தை இன்றைய அளவிலேயே வைத்திருக்கிறார்கள். இன்றிலிருந்து 25 கோடி ஆண்டு பின்னால் போனால் பாலூட்டி என்ற இனமே கிடையாது. லிஸ்ட்ரோசாரஸ் மாதிரி தூரத்து உறவுகள்தான் மேய்ந்துகொண்டிருந்தன. அதே அளவு காலம் முன்னால் போகும்போது உடம்பு மட்டும் மாறாமல் அப்படியே இருக்கும் என்று எடுத்துக்கொள்வதை நான் நம்ப மாட்டேன். நிலவரைபடப் பகுதியை ஏற்கிறேன், உயிர்ப் பகுதியை ஏற்கவில்லை.